கார்ப்ரேட்டரைக் கழற்றும் முன்

ஒர்க்‌ஷாப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர், பெங்களூரு அல்சூரில் பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு ஒர்க்‌ஷாப் நடத்தும் முன்னாள் ராணுவ வண்டி மெக்கானிக்.

கேள்வி: ஐயா, என் அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்த நிசான் ஒன் டன் வண்டி எங்களிடம் இருக்கிறது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். காலையில் சோக் இழுத்துப் போராடினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சில்க் போர்டு நெரிசலில் மாட்டினால் தானாக ஆஃப் ஆகி, அப்புறம் அரை மணி நேரம் கிளம்பாது. கார்ப்ரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
(கே.ஆர்.புரம் வாசகர்)

பதில்: செய்யலாம் தம்பி. கார்ப்ரேட்டர் காற்றின் இழுப்பால் பெட்ரோலைக் கலக்கிறது, இன்ஜெக்‌ஷன் அதைப் பம்ப் அழுத்தத்தில் பீய்ச்சுகிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. இரண்டும் ஒரே வேலையில் தீரும் என்று நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இந்த எஞ்சினை நன்றாகவே தெரியும். 3956 சி.சி., போர் (சிலிண்டரின் விட்டம்) 85.7 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 114.3 மி.மீ. ஜபல்பூர் வெஹிக்கிள் ஃபேக்டரியில் செய்த ராணுவ ஜீப்பான ஜோங்காவிலும் இதேதான். ஸ்ட்ரோக் நீளம், அதனால் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுவை கிடைக்கும். பட்டாளத்தில் என் காலத்து மெக்கானிக்குகளில் இதன்மேல் கை வைக்காதவர் கிடையாது. பனி கொட்டும் இடத்திலும் கிளம்பிய எஞ்சின் பெங்களூரு காலைக் குளிருக்கு அடம் பிடிக்கிறது என்றால், நான் கார்ப்ரேட்டரைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன்.

முதலில் செல்ஃப் அடிக்கும்போது இக்னிஷன் காயிலுக்கு எத்தனை வோல்ட் போகிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் அது 9-க்குக் கீழே இறங்கினால் ஸ்பார்க் செத்துப்போகும். பேட்டரி, எர்த் ஒயர், ஸ்டார்ட்டர் பிரஷ் மூன்றையும் பார்க்க வேண்டும். அப்புறம் பாயிண்ட் கேப், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டில் ஆட்டம். அதற்கும் பிறகு சோக் தகடு முழுதாக மூடுகிறதா, ஆக்ஸிலரேட்டர் பம்ப் ஒரே சீராகப் பீய்ச்சுகிறதா என்று கார்ப்ரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காலைத் தொல்லை பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டால், அதே செத்த ஸ்பார்க்கோடு அதே தொல்லைதான் தொடரும்.

நெரிசலில் நிற்பது வேறு விஷயம். எஞ்சின் பிளாக்கில் மாட்டியிருக்கும் டயஃப்ரம் பம்ப், டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். வண்டி நகராமல் நிற்கும்போது பானெட்டுக்குள் காற்றோட்டம் இல்லை, பைப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிறது. அந்த ஆவியைத் தள்ளும் சக்தி இந்தப் பம்புக்குக் கிடையாது. எஞ்சினை ஆஃப் செய்த பிறகோ கார்ப்ரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து, எஞ்சினுக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. அந்த நேரத்தில் சோக்கைத் தொடவே தொடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக ஒரே மிதி மிதித்து, எடுத்து எடுத்து மிதிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தச் சூட்டுக் கோளாறுக்கு இன்ஜெக்‌ஷன் உண்மையாகவே நல்ல தீர்வு. மின்சாரப் பம்ப் டாங்குக்குள்ளோ டாங்கை ஒட்டியோ இருந்து பெட்ரோலைத் தள்ளும். லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருப்பதால் பெட்ரோல் லேசில் கொதிக்காது. மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டாங்குக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆனால் கார்ப்ரேட்டரை வைத்துக்கொண்டே பாதித் தொல்லையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. டாங்குக்குப் பக்கத்தில் குறைந்த அழுத்த மின்சாரப் பம்ப், கார்ப்ரேட்டருக்கு அடியில் தடித்த பேக்கலைட் ஸ்பேசர், சைலன்சர் மேனிஃபோல்டுக்கும் பெட்ரோல் பைப்புக்கும் நடுவே ஒரு தகடு. ஜே.சி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை சுற்றினால் மூன்றும் கையில் இருக்கும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிற வண்டி என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

அடிக்கடி ஓட்டுகிறீர்கள், மலைக்குப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோலில் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5 கிலோ போதும். கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட் பழைய அளவையே விடும் என்பதால் எஞ்சின் 8 சதவீதத்துக்கு மேல் லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக ஓடுகிறது. பழைய ரப்பர் ஓஸும் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறி உப்புவது தனி. இன்ஜெக்‌ஷனில் ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து அளவைத் தானே திருத்திவிடும். இந்தக் காரணத்துக்காக மாற்றுகிறேன் என்று யாராவது வந்தால் நான் மறுப்பதில்லை.

மாற்றுவதென்று முடிவெடுத்தால், பணம் கட்டும் முன் எஞ்சினைச் சோதியுங்கள். கம்ப்ரஷன் ஆறு சிலிண்டரிலும் 10 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். வேக்குவம் கேஜில் முள் ஆடாமல் நிற்க வேண்டும். இதில் நம் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. புத்தகத்தில் ஐடிலில் 17 முதல் 21 இஞ்ச் என்று போட்டிருப்பது கடல் மட்டத்துக்கு. ஆயிரம் அடிக்கு ஓர் இஞ்ச் குறையும். பெங்களூரு சுமார் 3,000 அடி உயரம், அதனால் இங்கே 14 முதல் 18 வந்தாலே நல்ல எஞ்சின். 16 காட்டுகிறது, ரிங் போய்விட்டது என்று சொல்லி நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்ட ஒர்க்‌ஷாப்கள் இந்த ஊரில் இருக்கின்றன. பார்க்கவே வயிறு எரியும்.

அடுத்து, எந்த மாதிரி இன்ஜெக்‌ஷன்? கார்ப்ரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் ஒன்று. ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் தனி இன்ஜெக்டர் வைக்கும் மல்டி பாயிண்ட் இன்னொன்று. இரண்டாவது சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். புது எஞ்சினுக்கு அது சரி. பழைய எஞ்சினில் முதலில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி ஹெட்டில் எத்தனை வாய் என்று எண்ண வேண்டும். அந்தக் காலத்து ஷெவர்லே 235 எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கு மூன்றே இன்டேக் வாய், இரண்டு சிலிண்டர் ஒரு வாயைப் பங்கு போட்டுக்கொள்ளும். அங்கே தனித்தனி இன்ஜெக்டர் வைத்தால் ஒன்று பீய்ச்சியதைப் பக்கத்து சிலிண்டர் குடித்துவிடும், ஒன்று ரிச் (பெட்ரோல் அதிகம்), ஒன்று லீன் என்று ஓடும். அப்படிப்பட்ட ஹெட்டுக்கு த்ராட்டில் பாடிதான் பொருத்தம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸே 1987 முதல் தன் பிக்கப் டிரக்குகளின் வி-8 எஞ்சினில் இரண்டு இன்ஜெக்டர் கொண்ட த்ராட்டில் பாடியைத்தான் பல வருடம் வைத்திருந்தது. மட்டமான ஏற்பாடு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

த்ராட்டில் பாடி போட்டால் மேனிஃபோல்டின் அடியில் சைலன்சர் சூடு படுகிற இடத்தை அடைக்காதீர்கள். நீளமான மேனிஃபோல்டில் பெட்ரோல் ஈரமாகச் சுவரில் ஒட்டும். அந்தச் சூடுதான் அதை ஆவியாக்கி முன்சிலிண்டருக்கும் பின்சிலிண்டருக்கும் சமமாக அனுப்புகிறது.

இன்ஜெக்டர் அளவுக்கு உங்கள் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். முழு லோடில் 120 குதிரைத்திறன் என்று வைத்தால், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு வீதம் 60 பவுண்டு பெட்ரோல். ஆறாகப் பிரித்தால் தலைக்கு 10 பவுண்டு. இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 12.5 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 130 சி.சி. எத்தனாலுக்காகக் கொஞ்சம் சேர்த்தால் 140 முதல் 160 சி.சி. போதும். கடைக்காரர் 400 சி.சி. இன்ஜெக்டரை எடுத்து நீட்டி, பெரியது போட்டால் பவர் வரும் என்பார். வாங்காதீர்கள். ஐடிலில் அது ஒரு மில்லி செகண்ட் அளவுக்குத்தான் திறக்க வேண்டியிருக்கும். அவ்வளவு குறுகிய நேரத்தில் எந்த இன்ஜெக்டரும் ஒரே அளவு விடாது, வண்டி நின்ற இடத்தில் குலுங்கும்.

கடைசியாகக் கரண்ட். ராணுவ வண்டிகளில் 24 வோல்ட்டும் உண்டு. மீட்டர் வைத்துப் பார்க்காமல், இன்ஜெக்டரை இயக்கும் மின்னணுப் பெட்டியான ஈ.சி.யூ.வை மாட்டினால் அந்த நொடியே அது போய்விடும். டைனமோ இருந்தால் ஆல்டர்னேட்டராக மாற்றியே ஆக வேண்டும். மின்சாரப் பம்பும் இன்ஜெக்டரும் நெரிசலில் ஐடிலில் நிற்கும்போதும் கரண்ட் கேட்கும், டைனமோ ஐடிலில் ஒன்றும் தராது. ஒயர்லெஸ் செட் வைத்த வண்டிகளில் பிளக் ஒயருக்கெல்லாம் உலோகக் கவசம் போட்டிருப்பார்கள். உங்கள் வண்டியில் அது இன்னும் இருந்தால் கழற்றி எறிய வேண்டாம். ரேடியோவை இரைச்சலிலிருந்து காத்த அதே கவசம் ஈ.சி.யூ.வையும் காக்கும்.

வெளிநாட்டு கிட் சுங்க வரியோடு ஒரு லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும். டாங்க், பைப், ஒயரிங், லேத் வேலை எல்லாம் அதற்கு மேல்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் கணவரின் பழைய பெட்ரோல் ஜீப்பைப் போன மாதம் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து வண்டி நிற்கும் ஷெட்டில் பெட்ரோல் வாடை. கேட்டால், புதுசில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். எங்களுக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
(மர்ஃபி டவுன் வாசகி)

பதில்: அம்மா, இந்த இதழ் கையில் கிடைத்ததும் முதலில் ஷெட் கதவைத் திறந்து வைத்து, வாடை முழுதாகப் போன பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள்; கழற்றும்போது பொறி வரலாம். கார்ப்ரேட்டர் வண்டியில் லேசான வாடை வரலாம். இன்ஜெக்‌ஷன் லைன் முழுக்க மூடியது, அதில் வாடை வரவே கூடாது. வந்தால் எங்கோ கசிகிறது.

பழைய டயஃப்ரம் பம்ப் தருவது 4 முதல் 6 பி.எஸ்.ஐ. அழுத்தம். ஓஸ் பழுதானால் சொட்டும். இன்ஜெக்‌ஷன் லைனில் 43 பி.எஸ்.ஐ. இருக்கும், ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் பெட்ரோல் புகைபோலத் தூவும். பல பழைய எஞ்சின்களில் இன்டேக்கும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. சிவக்கச் சிவக்கக் காய்ந்த இரும்பின்மேல் அது தூவினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

என் ஒர்க்‌ஷாப்புக்கு இப்படி மாற்றப்பட்டு வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது ஓஸைத்தான். கார்ப்ரேட்டர் காலத்து ரப்பர் ஓஸை அப்படியே விட்டு, ஸ்க்ரூ கிளிப்பை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். பல்பல்லாக வெட்டிய அந்தக் கிளிப் ஓஸையே அறுக்கும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்த, எத்தனாலைத் தாங்கும், அழுத்த அளவு மேலே அச்சிட்ட ஓஸ் வேண்டும். விளிம்பு மழுங்கிய இன்ஜெக்‌ஷன் கிளிப் வேண்டும். உலோகப் பைப்பின் முனை வழவழவென்று இருந்தால் ஓஸ் நழுவும், முனையில் மேடு இருக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் விட்டால் பம்ப் என்ன செய்கிறது? இரண்டு மூன்று விநாடி ஓடிவிட்டுத் தானே நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால், பம்ப்பை ஈ.சி.யூ. ரிலே வழியாகக் கொடுக்காமல் நேராகச் சாவிக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விபத்தில் எஞ்சின் நின்றாலும் அந்தப் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து, மோதினால் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் இருக்கிறதா? நிறைய கார்களில் கம்பெனியே வைத்துக் கொடுத்த சாமான் அது. சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய சாமான் சந்தையில்) குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

இரண்டுக்கும் சரியான பதில் வரவில்லை என்றால் வேறு ஒர்க்‌ஷாப்புக்கு டோ செய்து எடுத்துப் போங்கள். ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். அதுவரை குழந்தைகள் அந்த ஷெட் பக்கம் போகவே கூடாது, அங்கே விளக்கு சுவிட்சைக்கூடத் தொட வேண்டாம்.

கேள்வி: மாருதி ஜிப்ஸி கார்ப்ரேட்டரில் 60 குதிரைத்திறன், எம்.பி.எஃப்.ஐ. (மல்டி பாயிண்ட் இன்ஜெக்‌ஷன்) ஆனதும் 80. என் பழைய பெட்ரோல் டிரக்குக்கும் அதே கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கூடுமா?
(ஜாலஹள்ளி வாசகர்)

பதில்: கூடாது. 2000-இல் ஜிப்ஸிக்கு எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது எட்டு வால்வு ஹெட் போய்ப் பதினாறு வால்வு ஹெட்டும் வந்தது. கூடுதல் பவரில் பெரும் பங்கு அந்த ஹெட்டுடையது. உங்கள் எஞ்சினின் ஹெட், கேம், கம்ப்ரஷன் எல்லாம் பழையபடியே இருக்கும்போது உள்ளே போகிற காற்று கூடப்போவதில்லை. காற்று கூடாமல் பவர் எங்கிருந்து வரும்? குளிரில் உடனே கிளம்பும், மிதித்தால் தயங்காது, எந்த உயரத்திலும் ஒரே மாதிரி ஓடும். இவைதான் கிடைக்கும், எனக்கு இவையே பெரிய விஷயம்.

கேள்வி: ஐயா, மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். ஸ்பீடுயினோ ஈ.சி.யூ. வைத்து ஒரு பழைய ஆறு சிலிண்டர் டிரக் எஞ்சினை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுவது எங்கள் புராஜெக்ட். போர்டு தயார், எஞ்சினும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
(கெங்கேரி மாணவர்)

பதில்: கடிதம் படித்து மனசு நிறைந்துவிட்டது தம்பி. ஆர்டுயினோ மெகாவின்மேல் ஓடுகிற, யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் படிக்கலாம் என்று திறந்து வைத்த ஈ.சி.யூ. அது. எங்களுக்கெல்லாம் அந்த வயதில் ஈ.சி.யூ. என்றால் திறக்கக் கூடாத கறுப்புப் பெட்டி.

இக்னிஷனை முதலில் தொடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரே ஸ்பார்க்கைப் பார்த்துக்கொள்ளட்டும், ஈ.சி.யூ. பெட்ரோலை மட்டும் பார்க்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி கிளம்பாதபோது தவறு எதில் என்று தெரியாது. ஆர்.பி.எம். சிக்னலைக் காயிலின் மைனஸிலிருந்து எடுக்க ஆசை வரும். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறும், போர்டு குழம்பும். கிராங்க் புல்லியில் 36 பல் சக்கரம் ஒன்றை, ஒரு பல்லை வெட்டி எடுத்து, லேத்தில் மையம் பார்த்து மாட்டி, ஹால் சென்சாரில் படியுங்கள். அந்தக் காலி இடத்தை வைத்துத்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று போர்டு தெரிந்துகொள்கிறது. சக்கரம் கோணலாக ஆடினால் சிக்னல் விட்டுவிட்டு வரும், லேத் வேலையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சென்சார்கள் நாலைந்துதான். மேனிஃபோல்ட் பிரஷர், த்ராட்டில் பொசிஷன், தண்ணீர்ச் சூடு, காற்றுச் சூடு, ஆக்ஸிஜன். எஸ்.பி. ரோட்டில் கனெக்டரும் நல்ல ஒயரும் வாங்குங்கள். சென்சார் எர்த்தை எல்லாம் ஒன்றாகக் கொண்டுவந்து போர்டிலேயே கட்டுங்கள், பாடியில் ஆங்காங்கே திருகாதீர்கள். பழைய வண்டியின் பாடியும் எஞ்சினும் ஒரே எர்த்தில் இருப்பதில்லை. செல்ஃப் அடிக்கும்போது இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசம் வரும், அதைத் தண்ணீர்ச் சூடு மாறிவிட்டது என்று ஈ.சி.யூ. எடுத்துக்கொள்ளும்.

ஆக்ஸிஜன் சென்சாருக்கு வைட்பேண்ட் வாங்குங்கள். சாதா சென்சார் 0.45 வோல்ட்டுக்கு மேலா கீழா என்று ரிச், லீன் மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. திரையில் 14.7, 13.5 என்று பார்க்காமல் லாம்டாவைப் பாருங்கள், அது 1-க்கு மேல் போனால் லீன், கீழே இறங்கினால் ரிச். எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் லாம்டா 1 என்பது சரியான கலவைதான். சாதாரண ஓட்டத்துக்கு 1, முழு மிதியில் 0.85 முதல் 0.88. ஐடிலில் இந்தப் பழைய எஞ்சின்கள் 0.9 பக்கம் கேட்கும், 1-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து எஞ்சினை நடுங்க விடாதீர்கள். சைலன்சர் ஜாயிண்டில் காற்று இழுத்தால் சென்சார் பொய்யாக லீன் காட்டும். சிலிக்கான் பேஸ்ட் போட்டு கேஸ்கெட் ஒட்டினால் அதன் ஆவி சென்சாரையே கெடுத்துவிடும், சென்சாருக்குக் கெடுதல் இல்லாத வகை என்று டியூபில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

ஈ.சி.யூ.வின் பெட்ரோல் அளவு டேபிளில் ஐடில் கட்டங்களை முதலில் பிடியுங்கள். அப்புறம் 1,500, 2,000 என்று ஒரே வேகத்தில் நிறுத்தி லோடு ஏற்றிப் பிடியுங்கள். குளிர் ஸ்டார்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு நாளைக்கு ஒரு காலைதான் கிடைக்கும், அவசரப்பட்டு ஆகாது. எஞ்சின் பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் பம்ப்பை ஆன் செய்யக் கூடாது என்பதை மட்டும் ஆசிரியர் சொன்னதாக நினைத்துக் கேளுங்கள்.

கேள்வி: சென்னையில் ட்யூன் செய்த பழைய பெட்ரோல் வண்டி பெங்களூரு வந்ததும் கறுப்புப் புகை, ஊட்டி போனால் மூச்சே விடுவதில்லை. ஏன்?
(தாம்சன் டவுன் வாசகர்)

பதில்: மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. கார்ப்ரேட்டரின் வென்ச்சுரி, வழியாகப் போகிற காற்றின் கன அளவைப் பார்த்துப் பெட்ரோலை இழுக்கிறது, காற்றின் எடை அதற்குத் தெரியாது. பெங்களூரில் கலவை 4, 5 சதவீதம் ரிச் ஆகும். சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 12 சதவீதம் வரை போகும். இன்ஜெக்‌ஷனில் சாவி போட்டதும், எஞ்சின் சுற்றும் முன்பே, மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் படித்துவிடும். சென்னையில் சுமார் 101 கிலோபாஸ்கல், இங்கே 91, ஊட்டியில் 77. கணக்கை அங்கிருந்து தொடங்கும்.

இப்போது ஒரு விசித்திரம். பெங்களூரு உயரம் ரிச் ஆக்குகிறது, எத்தனால் லீன் ஆக்குகிறது. எத்தனாலின் லீனில் பாதி உயரத்தில் கழிந்துபோய், பழைய ஜெட்டோடு இங்கே நன்றாக ஓடும் வண்டிகள் இருக்கின்றன. அதையே சென்னைக்கு இறக்கினால் லீன் மட்டும் மிஞ்சும், லோடில் வால்வு காயும். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததிலிருந்து இந்த எஞ்சின்களின் வால்வு சீட்டுக்கு ஈயம் தந்த பழைய பாதுகாப்பும் இல்லை. கார்ப்ரேட்டரோடு கீழே இறங்குபவர்கள் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிக்கொண்டு இறங்குங்கள், திரும்பியதும் வால்வு கிளியரன்ஸைப் பாருங்கள்.

கேள்வி: இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா? கார்ப்ரேட்டரை விற்றுவிடலாமா? வண்டி 1968 மாடல்.
(பாணஸ்வாடி வாசகர்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் நம்பர், சி.சி., எரிபொருள் மூன்றும் மாறாத வேலை இது. ஆனாலும் பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மறுபதிவுக்குக் காட்ட வேண்டுமே. எதிரில் நிற்கும் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து பார்ப்பார். வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

உங்களுக்குப் பெரிய விஷயம் வேறு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டிய, வியாபாரத்துக்கு ஓடாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் அசல் வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் கூடாது. உங்கள் 1968 மாடலுக்கு முதல் பதிவும் அந்தக் காலத்திலேயே நடந்திருந்தால் தகுதிக்குள் வரும். விண்டேஜ் பதிவு எடுக்கும் எண்ணம் துளி இருந்தாலும் இன்ஜெக்‌ஷன் வேண்டாம், அந்தப் பணத்தில் கார்ப்ரேட்டரை முழுதாகப் புதுப்பியுங்கள். ஆனால் விண்டேஜ் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சிலவற்றுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். ஓட்டுவதற்குத்தான் வண்டி என்றால் மாற்றுங்கள், ஆனால் எதையும் வெல்டிங் வைக்காமல், துளை போடாமல், பழைய போல்ட்டிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

கார்ப்ரேட்டரை விற்கவே கூடாது. பெட்ரோலை வடித்து, ஜெட்டுகளைக் கழற்றி ஊதி, உள்ளே லேசாக எண்ணெய் பூசி, மேனிஃபோல்ட், ஏர் கிளீனர், லிங்கேஜ் எல்லாவற்றோடும் ஒரே பெட்டியில் வைத்து வண்டி நம்பர் எழுதி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் பெட்டியும் கூடப் போக வேண்டும்.

கேள்வி: என்னிடம் பழைய டாடா 1210 லாரி. கறுப்புப் புகை தள்ளுகிறது. இதற்கும் இன்ஜெக்‌ஷன் போடலாமா?
(யஷ்வந்த்பூர் வாசகர்)

பதில்: உங்கள் லாரி டீசல் அண்ணே, அதில் பிறந்ததிலிருந்தே இன்ஜெக்‌ஷன்தான். கார்ப்ரேட்டர் டீசலில் கிடையாது. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பம்ப்பும் ஹெட்டில் இருக்கும் நாசில்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஆடுகோடி மைக்கோ (இன்றைய பாஷ்) ஃபேக்டரியில் அந்தப் பம்ப் செய்தே ரிட்டயர் ஆன தமிழர்கள் இன்றைக்கும் இந்த ஊரில் உங்களைச் சுற்றி இருக்கிறார்கள். இதைப் புது டீசல் வண்டிகளில் வரும் காமன் ரெயில் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் அது, ஹெட், பம்ப், டைமிங் எல்லாம் வேறு. பம்ப்பைக் கழற்றிக் கேலிபரேஷன் பெஞ்சில் ஏற்றுங்கள், நாசில் எத்தனை பாரில் திறக்கிறது, தூவுகிறதா ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்பு, இன்றைக்கே, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.